மலைநாட்டு மண்ணும் வடியாத நீரும்

கினிகத்தேனையிலிருந்து அட்டனை நோக்கி ஏறும் பாதையில், வீதிக்காக வெட்டப்பட்ட மண்மேடு ஒன்றைச் சற்றே நின்று நோக்குபவருக்கு அந்த மேடு ஒரு பாடநூலாகக் காட்சி தரும். மேலே, தேயிலை வேர்கள் பின்னிக் கிடக்கும் கருமை கலந்த மண். அதன்கீழ் ஆளுயரத்துக்கும் மேலாகச் செம்மஞ்சள் மண். அதற்கும் கீழே, கையால் நெரித்தால் உதிர்ந்துபோகும் பழம்பாறை. ஆனால் அதே மேடு, சற்று அப்பால், மலைமடிப்பில் கசிவுநீர் இறங்கும் தாழ்வான இடத்தில் வேறொரு முகத்தைக் காட்டும். அங்கே செம்மையும் இல்லை, மஞ்சளும் இல்லை. சாம்பல் நிறக் களியும், அதனூடே துருப்பிடித்த ஆணிகளைப் பதித்துப் பிடுங்கினாற் போன்ற செம்புள்ளிகளுமே காணப்படும்.

ஒரே மலை, ஒரே பாறை, ஒரே மழை. இருந்தும் மண்ணுக்கு இரண்டு நிறங்கள் வந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை அறிந்தவர், தேயிலை எங்கே செழிக்கும், எங்கே வாடும் என்று கூற வல்லவராவார். அதனினும் மேலாக, மனிதர் குடியிருக்கும் வீட்டை எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்பதையும் ஓரளவு கூற வல்லவராவார்.

கினிகத்தேனை என்பது 'தீப்பற்றிய சேனை' எனப் பொருள்படும் சிங்களப் பெயர். காட்டை எரித்துச் சேனைப்பயிர் செய்த பழங்காலத்தின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. பெயரில் தீ இருந்தாலும், அவ்வூரின் வாழ்வை ஆள்வது நீரே. தென்மேல் பருவக்காற்று வைகாசி முதல் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து முதலில் மோதும் மலைச்சுவர்களுள் இப்பகுதியும் ஒன்று. அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மலையுச்சியிலுள்ள நுவரெலியா நகர் பெறுவது ஏறக்குறைய 1900 மில்லிமீற்றர். யாழ்ப்பாணம் பெறுவது 1300 மில்லிமீற்றர் அளவு. 5000 மில்லிமீற்றர் மழை என்றால், ஓர் ஏக்கர் தேயிலை நிலத்தின் மீது ஓராண்டில் விழும் நீர் ஏறக்குறைய 2 கோடி லீற்றர் ஆகும். இந்த நீரில் ஒரு பகுதி மேற்பரப்பில் ஓடி ஓடைகளைச் சேர்கிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. எஞ்சியது மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கிய நீர் விரைவில் வடிந்துவிடுமா, அன்றி அங்கேயே தங்குமா என்பதே மண்ணின் குணத்தை வகுக்கும் பெரிய கேள்வி.

பண்டைத் தமிழர் நிலத்தைத் திணையாகப் பகுத்தனர். உழவரோ மண்ணையே செம்மண், கரிசல், வண்டல், களர், உவர் எனப் பெயரிட்டு அறிந்தனர். இக்கால மண்ணியலார் இவற்றோடு இன்னொரு பகுப்பையும் சேர்த்திருக்கின்றனர். அது நீர் வடியும் தன்மையைக் கொண்டு மண்ணை வரிசைப்படுத்துவதாகும். நன்றாக நீர் வடியும் மண் ஒரு முனை. ஆண்டு முழுவதும் நீர் தேங்கும் சதுப்பு மறுமுனை. இவ்விரண்டுக்கும் நடுவே, மழைக்காலத்தில் மட்டும் நீர் மேலே ஏறி வேர்ப்பகுதியை நனைத்து நின்று, வெயில் வந்ததும் கீழே இறங்கிவிடும் மண் உண்டு. இதனை அரைகுறையாக நீர் வடியும் மண் எனலாம். கண்டவர் பலர் ஏமாறுவது இம்மண்ணிலேதான். சதுப்பை யாரும் சதுப்பென்று அறிவர். இதுவோ வெயிற்காலத்தில் நல்ல நிலம்போலத் தோன்றி, மழைக்காலத்தில் தன் உண்மையைக் காட்டும்.

உலகில் இவ்வகை மண்ணுக்குப் பெயர்போன இடங்கள் வட அமெரிக்காவும் வட ஐரோப்பாவும் ஆகும். ஏறக்குறைய 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற பனியூழிக் காலத்தில், மலைபோன்ற பனிக்கட்டிகள் அந்நிலங்களின்மீது நகர்ந்து சென்றன. அவை பாறைகளைப் பெயர்த்து, அரைத்து, களியும் மணலும் கல்லும் ஒன்றாய்க் கலந்த குழம்பைப் பின்னே விட்டுச் சென்றன. பெருஞ்சுமையின்கீழ் நசுங்கி இறுகிய அந்தப் பாறைக்களியினூடே நீர் எளிதில் இறங்குவதில்லை. ஆகவே இளவேனிலில் பனி உருகும்போது அதன்மேலுள்ள மண்ணில் நீர் தேங்குகிறது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் குடியேறிய ஜோன் ஜோன்ஸ்டன் என்னும் ஸ்கொட்லாந்து உழவர், 1838ஆம் ஆண்டளவில் தமது நிலத்தின்கீழ்ச் சுட்ட மண்குழாய்களைப் புதைத்து நீரை வடித்தார். நல்ல ஓடுகளை மண்ணில் புதைக்கிறாரே என அயலார் நகைத்தனர். அவரது கோதுமை விளைவு பெருகியபின் நகைத்தவர்களும் அவரைப் பின்பற்றலாயினர்.

இலங்கை மலைநாட்டில் அந்தப் பனியூழியின் பனிக்கட்டி நகர்ந்ததில்லை. எனினும், கினிகத்தேனை மண்மேட்டில் களிக்குள் உருண்டைக் கற்கள் புதைந்து கிடப்பதைக் காணும் எவருக்கும் அந்த வடநாட்டுப் பாறைக்களி நினைவுக்கு வருதல் கூடும். இந்த ஒப்புமை பெரிய அறிஞர் ஒருவரையே மயக்கியதுண்டு. பனியூழிக் கொள்கையை உலகுக்கு நிலைநாட்டிய லூயி அகாசிஸ் 1865ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுக்குச் சென்றார். அங்கே செம்மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் கிடப்பதைக் கண்டு, வெப்ப நாடுகளையும் பனிக்கட்டி மூடியிருந்தது என்று முடிவு கட்டினார். பின்வந்தோர் அது தவறெனக் காட்டினர். அக்கற்களைப் பனிக்கட்டி கொண்டுவரவில்லை. அவை அங்கேயே பிறந்தவை. வெப்பமும் மழையும் பாறையை அதன் வெடிப்புகளின் வழியே தின்று, மூலைகளைக் கரைத்து, நடுவிலுள்ள வைரத்தை மட்டும் உருண்டையாக விட்டுவைத்திருந்தன.

இலங்கை மலைநாட்டிலும் நிகழ்ந்தது அதுவே. இங்குள்ள பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து மாறிய மிகப் பழைய பாறைகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் நனைந்தபின், அவற்றிலுள்ள வெண்ணிறக் கனிப்பொருள்கள் களியாயின. இரும்பு கொண்ட கருநிறக் கனிப்பொருள்கள் துருவாயின. சுண்ணாம்பும் பொற்றாசியமும் போன்ற சத்துகளைப் பெருமழை கழுவிச் சென்றுவிட்டது. எஞ்சியதே புளிப்புத் தன்மையுள்ள இந்த மண். மூர்மன், பானபொக்கே என்னும் மண்ணியலார் இருவர் 1961ஆம் ஆண்டில் இலங்கை மண்களை வகைப்படுத்தியபோது, ஈரவலயத்தில் பரந்து கிடக்கும் இம்மண்ணுக்குச் செம்மஞ்சள் பொட்சோலிக் மண் எனப் பெயரிட்டனர். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடியாதலின், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைப் பயிர், 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் இம்மலைகளை முழுதும் ஆட்கொண்டது.

ஆயினும் ஒரு மலைச்சரிவு முழுவதும் ஒரே வகை மண் என்று கருதுதல் பிழை. முகட்டிலும் முதுகிலும் உள்ள மண், பாறை உருகி அங்கேயே நின்ற மண். அதில் நீர் வடிய வழியுண்டு. மலையடியிலும் மடிப்புகளிலும் உள்ள மண்ணோ மேலிருந்து வந்து சேர்ந்த மண். பன்னூறு ஆண்டுகளாகச் சரிந்தும் உருண்டும் கழுவுண்டும் இறங்கிய களி, மணல், கல் ஆகியவை யாதொரு ஒழுங்குமின்றிக் குவிந்த குவியல் அது. வடநாட்டில் பனிக்கட்டி செய்த வேலையை இங்கே புவியீர்ப்பும் மழையும் செய்தன எனலாம். இக்குவியலின் அடியிலே நீர் புகாத பாறையோ இறுகிய களியோ இருக்குமாயின், மலை முழுவதும் குடித்த நீர் கீழே வந்து அங்கே தங்கும். மலைநாட்டின் அரைகுறையாக நீர் வடியும் மண் இதுவே.

இதனைக் கண்டறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மண்வெட்டி ஒன்று போதும். இரண்டு மூன்றடி ஆழத்தில் குழி ஒன்றை வெட்டி, அதன் சுவரின் நிறத்தைப் பார்த்தல் வேண்டும். மண்ணுக்கு நிறம் தருவது பெரும்பாலும் இரும்பு. காற்றுப் பட்ட இரும்பு துருவேறிச் சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருக்கும். மண்ணின் நுண்துளைகளை நீர் நிரப்பிவிட்டாலோ காற்று உள்ளே புகாது. அப்போது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உயிர்க்காற்றைத் துருவிலிருந்தே பறித்துக்கொள்கின்றன. துரு நீரில் கரைந்து அகல, மண் சாம்பல் நிறம் அடைகிறது. வெயிற்காலத்தில் நீர் இறங்கும்போது, வேர் சென்ற வழியாகவும் வெடிப்பின் வழியாகவும் காற்றுப் புகும். புகுந்த இடத்தில் மட்டும் இரும்பு மீண்டும் துருவாகிச் செம்புள்ளியாய் நிற்கும். ஆகவே சாம்பலும் செம்புள்ளியும் கலந்த படை, 'இந்த மட்டம்வரை ஆண்டில் சில மாதங்கள் நீர் ஏறி நிற்கும்' என்பதற்கு மண்ணே எழுதிவைத்த சாட்சி. குழியை வெட்டுவது மாசி மாதத்து வெயிலிலாயினும், ஆனி மாதத்து மழையின் நீர்மட்டத்தை அச்சுவரில் அளந்துவிடலாம்.

இந்தச் சாட்சியைத் தேயிலைச் செடி தானும் படிக்கிறது. அதன் வேருக்கு நீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். நீர் நின்ற மண்ணில் வேர் ஆழம் செல்லாது மேலாகவே படரும், நுனிகள் அழுகும், வேரழுகல் நோய்கள் பற்றும். இலை மஞ்சளித்து, கொழுந்து குறைந்து, செடிகள் திட்டுத்திட்டாகப் பட்டுப்போகும். வேர் மேலாகப் படர்ந்த செடியே வெயிற்காலத்திலும் முதலில் வாடுவது. நீர் மிகுந்த இடத்துச் செடி நீரின்றி வாடுவது விந்தைபோலத் தோன்றினும், காரணம் அறிந்தால் விந்தையன்று. அத்தகைய திட்டுகளில் உரத்தை எவ்வளவு கொட்டினாலும் பயன் சிறிதே. நிலம் வேண்டுவது உரம் அன்று, வடிகால்.

வடிகாலை மலைநாட்டு மக்கள் கான் என்பர். கொழுந்து பறித்தல், கவ்வாத்து வெட்டுதல் என்பன போலக் கான் வெட்டும் தோட்டத்தின் பெயர்பெற்ற வேலைகளுள் ஒன்று. நீர்க்கோணத்தை ஒட்டி, நூறு அடிக்கு ஏறக்குறைய ஓர் அடி அளவான மெல்லிய இறக்கத்தில், சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டப்படுகிறது. கானுக்குள் இடையிடையே மண்தடுப்பு விட்டு, ஓடிவரும் நீரை மெதுவாக்கி, அது சுமந்துவரும் மண்ணை அங்கேயே படியச் செய்கின்றனர். படிந்த மண்ணை வாரி மேற்கரையில் இடுகின்றனர். குறுக்குக் கான்கள் யாவும் கல் பதித்த பெரிய கானில் சேர்ந்து, நீர் கரையை அரிக்காமல் கீழே இறங்குகிறது. மலையடியில் நீர் நிற்கும் இடங்களுக்கோ இந்த ஆழமற்ற கான் போதாது. அங்கே சாம்பல் நிறப் படையை வெட்டிக் கடக்கும் ஆழமான கான் வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை அந்தக் குழியின் சுவரே சொல்லும்.

கான் வெட்டும் கைகளுக்கு உரியவர் நூலில் மண்ணியல் கற்றவர் அல்லர். ஆயினும் மண்வெட்டி இறங்கும் ஓசையைக் கொண்டே களிப்படை வந்துவிட்டதை அறிபவர் அவர். எந்த மடிப்பில் மழை நின்று பத்து நாள் கழிந்தும் ஊற்று ஓடும், எந்தப் பீலியில் தண்ணீர் திடீரெனக் கலங்கும் என்பவற்றை அறிந்தவரும் அவரே. கான் வேலை கண்ணுக்கு உடனே பயன் காட்டும் வேலையன்று. கொழுந்து பறிக்காவிட்டால் அடுத்த வாரமே இழப்புத் தெரியும். கான் தூர்ந்தால் அடுத்த பெருமழை வரை ஒன்றும் தெரியாது. ஆதலின், செலவைச் சுருக்க வேண்டிய காலத்தில் இவ்வேலையை ஒத்திவைப்பது எளிது. ஒத்திவைத்ததன் விலையோ பெரிது.

அந்த விலை என்ன என்பதிலேதான் வடநாட்டுச் சமநிலத்துக்கும் மலைநாட்டுச் சரிவுக்கும் உள்ள வேறுபாடு தோன்றுகிறது. ஜோன்ஸ்டனின் நிலத்தில் நீர் வடியாவிட்டால் கோதுமை கெடும்; அவ்வளவே. மலைச்சரிவில் நீர் வடியாவிட்டால் மலையே நகரும். சரிவில் கிடக்கும் மண்ணைக் கீழே விழாது பிடித்து நிறுத்துவது மண்துகள்களிடையே உள்ள உராய்வும் பிணைப்பும் ஆகும். நுண்துளைகளில் நீர் நிரம்பி அழுத்தம் ஏறும்போது துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றுவது தளர்கிறது. மண்ணின் பாரமும் கூடுகிறது. ஏதோ ஒரு கணத்தில், பல காலம் அசையாதிருந்த குவியல் தன் அடிப்பாறையின்மீது வழுக்கத் தொடங்குகிறது.

வட்டவளையில் 1990களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது இதுவே. அங்கே சரிவுமண் நகர்ந்து, கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையையும் நகர்த்தியது. பாதையைச் சீராக்கினால் மட்டும் போதாதென்பதை உணர்ந்த பொறியியலார், மலையின் உட்புறத்தே நீண்ட துளைகளைச் செலுத்தி நிலத்தடி நீரை வடித்தனர். நீர்மட்டம் இறங்கியது, நகர்வும் அடங்கியது. தோட்டத்துக் கான் மேற்பரப்பில் செய்யும் வேலையை அந்தத் துளைகள் மலையின் வயிற்றுக்குள் செய்தன. நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று.

எல்லா இடத்திலும் மருந்து உரிய காலத்தில் கிடைத்துவிடவில்லை. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014ஆம் ஆண்டு ஒக்தோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியேற நிலம் இருக்கவில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வா புயல் கொணர்ந்த மழையிலும் மலைநாட்டு மாவட்டங்களில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுசென்றது.

லயங்கள் பலவும் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டவை. நல்ல நிலம் தேயிலைக்கென ஒதுக்கப்பட்டது. தண்ணீர் கிடைக்கும் மடிப்பின் அருகிலும் மலையடியிலும் குடியிருப்புகள் அமைந்தன. தேயிலைச் செடிக்கே ஆகாத மண்ணின்மீது மனிதர் தலைமுறை தலைமுறையாக வாழ நேர்ந்தது இவ்வாறே. இந்நாளில் தோட்டக் குடும்பங்களுக்குத் தனிக் காணியில் தனி வீடு என்னும் முறை வந்துள்ளது. அது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் அந்தக் காணி எந்த மண்ணில் அளக்கப்படுகிறது என்பது, எத்தனை பேர்ச் என்பதிலும் பெரிய கேள்வி. கல்வீட்டின் அத்திவாரத்துக்கு வெட்டும் குழியில் சாம்பல் நிறக் களியும் செம்புள்ளியும் தோன்றுமாயின், வேலையை நிறுத்தித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகளை அழைத்துக் காட்டுதல் வேண்டும்.

ஏற்கெனவே அத்தகைய இடத்தில் வாழ்வோர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள். நேராய் நின்ற மரமும் மின்கம்பமும் சாய்தல். இதுவரை திறந்து மூடிய கதவு இறுகுதல். இல்லாத இடத்தில் ஊற்றுத் தோன்றுதல். ஓடிக்கொண்டிருந்த பீலி திடீரென வற்றுதல் அல்லது கலங்குதல் ஆகியவை அவை. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. மழையின் அளவுக்கும் அந்நிறுவனம் எல்லைகள் வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைக் கடந்தால் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடந்தால் அவ்விடத்தை விட்டு அகலுதல் வேண்டும். பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானியை வைத்து மாணவரே நாள்தோறும் அளந்து எழுதிவருவது, அவர்களுக்குப் பாடமாகவும் ஊருக்குக் காவலாகவும் அமையும்.

இன்னொரு பாடமும் அதே முற்றத்தில் நடத்தலாம். முகட்டில் ஒரு குழி, சரிவில் ஒரு குழி, மடிப்பில் ஒரு குழி என மூன்று குழிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண்ணை எடுத்து, மேசையின்மீது வரிசையாக வைத்தாற் போதும். செம்மையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து சாம்பலுக்கும் மாறும் அந்த வரிசையைக் கண்ட பிள்ளை வீட்டுக்குச் சென்று, தன் லயத்தின் பின்புறத்து மண்ணையும் தோண்டிப் பார்க்கும். கான் வெட்டும் தந்தையிடம் அதுபற்றிக் கேட்கும். அவர் தம் கை அறிந்ததைச் சொல்வார். பிள்ளை தான் கற்ற காரணத்தைச் சொல்லும். அந்த இரண்டும் சேரும்போது, தங்கள் வீட்டுக்கு மேலே உள்ள கான் தூர்ந்து கிடக்கிறதா என்று இருவரும் மழைக்கு முன்னரே ஏறிச் சென்று பார்ப்பர்.